நம் மண்ணை அறிவோம்: மலை தொடங்கிக் கடல் வரை ஒரே தண்ணீர்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்கடற்கரையில், மெக்சிகோ வளைகுடாவை ஒட்டி லூயிசியானா என்னும் மாநிலம் இருக்கிறது. அந்நாட்டின் பெரும்பாலான மாநிலங்களில் மாவட்டத்தைக் ‘கவுண்டி’ என்பார்கள். லூயிசியானாவில் மட்டும் அதற்குப் ‘பங்கு’ என்று பெயர். ‘நீர் எந்தப் பங்கைச் சேர்ந்தவர்?’ என்று நாம் ஒருவரையொருவர் கேட்கும்போது வழங்குகிறோமே, அதே பொருளுடைய சொல்தான் அது. பிரெஞ்சுக்காரரும் இசுபானியரும் அந்நிலத்தை ஆண்ட காலத்தில், கத்தோலிக்கத் திருச்சபை வகுத்த பங்குகளைக் கொண்டே ஊர்களின் எல்லைகள் குறிக்கப்பட்டன. 1803ஆம் ஆண்டில் அமெரிக்கா அந்நிலத்தை விலைக்கு வாங்கியது; 1812ஆம் ஆண்டில் அது ஒரு மாநிலமாயிற்று. ஆட்சி மாறியும் பெயர் மாறவில்லை. இன்றும் அங்கே 64 பங்குகள் இருக்கின்றன.

பங்கு என்றதும் நமக்குக் கோயிலும், கல்லறைத் தோட்டமும், திருமுழுக்குப் பதிவேடும் நினைவுக்கு வருகின்றன. அந்த மக்களுக்கோ பங்கு என்றால் ஆறும், சதுப்பும், சாலையும், புயல் எச்சரிக்கையும் அடங்கிய ஒரு நிலப்பகுதி. இந்த எண்ணம் நமக்கும் பயன்தரும். நாம் மறையுரை கேட்கும் கோயிலும், நம் பிள்ளைகள் ஓடியாடும் தெருவும் ஒரு நிலத்தின் மேல் நிற்கின்றன. அந்த நிலத்துக்கு ஒரு சரிவும், மழைக்கு ஒரு காலமும், தண்ணீருக்கு ஒரு வழியும் உண்டு. அவற்றை அறியாமல் நாம் வாழ்ந்துவிடலாம். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அந்த அறியாமைக்கு உரிய விலையைக் கொடுக்க நேரிடும். ஆகவே இத்திங்கள், பள்ளிப்பட்டு மலையடிவாரம் தொடங்கிப் பழவேற்காடு, எண்ணூர்க் கடற்கரை வரை பரந்திருக்கும் நம் திருவள்ளூர் மாவட்டத்தின் நிலத்தையும் வானிலையையும் பார்ப்போம். லூயிசியானாவுக்கு இறுதியில் மீண்டும் வருவோம். அங்கிருந்து நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு.

நிலத்தின் சரிவு

மாவட்டத்தின் வடமேற்கு மூலையில் இருப்பது பள்ளிப்பட்டு. கடலிலிருந்து நேர்க்கோட்டில் அளந்தால் தொண்ணூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். சுற்றிலும் பாறைக் குன்றுகள். வடக்கே ஆந்திர எல்லைக்கு அப்பால் நகரி மலைத்தொடர் தெரிகிறது. அதன் உச்சி ஒரு மூக்கைப்போல் நீண்டிருப்பதால் ‘நகரி மூக்கு’ என்று வெள்ளையர் அதற்குப் பெயரிட்டனர். ஏறத்தாழ 850 மீட்டர் உயரமுள்ள அம்மலைமுனை, சென்னைக் கடலில் வந்த கப்பலோட்டிகளுக்குக் கரையறியும் அடையாளமாக விளங்கியது. மலையில் வாழ்வோருக்குக் கடல் கண்ணில் படாவிட்டாலும், கடலில் வந்தோருக்கு அந்த மலை தெரிந்திருந்தது.

இப்பகுதி என்றும் இன்றைய எல்லைக்குள் இருந்ததன்று. திருத்தணி, பள்ளிப்பட்டுப் பகுதிகள் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தன. ம.பொ.சிவஞானம் முதலியோர் நடத்திய வட எல்லைப் போராட்டத்தின் பின், படாஸ்கர் வகுத்த முடிவின்படி 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளன்று அவை அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. சத்தியவேடு முதலிய ஊர்கள் ஆந்திரத்துக்குச் சென்றன. இன்றும் பள்ளிப்பட்டுப் பக்கத்து வீடுகளில் தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் கேட்கின்றன. எல்லைக்கோடு ஊர்களைப் பிரித்ததே அன்றி ஆறுகளைப் பிரிக்க இயலவில்லை என்பதைப் பின்னர் காண்போம்.

மேற்கே இந்தக் குன்றுகளும், நடுவில் பூண்டியைச் சுற்றிக் கூழாங்கல்லும் செம்மண்ணும் கலந்த மேட்டு நிலமும், கிழக்கே பொன்னேரி, மீஞ்சூர்ப் பக்கத்தில் வண்டல் படிந்த சமவெளியும், கடைசியில் மணல் திட்டுகளும் உப்பங்கழிகளுமாக இந்நிலம் மூன்று நான்கு படிகளாகக் கடலை நோக்கி இறங்குகிறது. மேட்டில் வேர்க்கடலை, கரும்பு, மா, சமவெளியில் நெல், கரையில் மீனும் இறாலும். ஆர்.கே.பேட்டை, பொதட்டூர்பேட்டைப் பக்கங்களில் மழை பொய்த்த ஆண்டுகளிலும் குடும்பங்களைக் காப்பாற்றியது தறி. கும்மிடிப்பூண்டியிலும் எண்ணூரிலும் தொழிற்சாலைகள் எழுந்து, நான்கு திசையிலிருந்தும் மக்களை ஈர்த்திருக்கின்றன.

இந்நிலத்தில் மனிதன் எத்துணைக் காலமாக வாழ்கிறான் என்பதை எண்ணினால் வியப்பு மேலிடும். 1863ஆம் ஆண்டில் இராபர்ட் புரூசு ஃபூட் என்னும் நிலவியல் அறிஞர், பூண்டிக்கு அருகிலுள்ள அத்திரம்பாக்கத்தில் பழங்கற்காலக் கற்கருவிகளைக் கண்டெடுத்தார். அதே இடத்தில் சாந்தி பப்பு அவர்களும் அவருடைய குழுவினரும் நடத்திய அகழாய்வின் முடிவு 2011ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அக்கருவிகளுள் மிகப் பழையவை ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று அது காட்டியது. அத்தொல்மாந்தர் அங்கே தங்கியதற்குக் காரணம் கருவி செய்ய ஏற்ற கல்லும், அருகில் தண்ணீரும் இருந்தமையே. தண்ணீர் இருந்த இடத்தில் மனிதன் குடியேறினான். இன்றும் அதுவே முறை.

மழை வரும் காலம்

நம் மாவட்டத்தில் ஆண்டுக்குச் சராசரியாகப் பெய்யும் மழை 1,100 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். இது குறைந்த அளவன்று. உலகில் பல செழிப்பான நாடுகள் இதைவிடக் குறைந்த மழையில் பயிர் செய்கின்றன. குறை அளவில் இல்லை, காலத்தில் இருக்கிறது.

சூன் மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வருகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறும்போது அதன் பெரும்பகுதியைக் கேரளத்திலும் கன்னடத்திலும் கொட்டிவிடுகிறது. மலையைக் கடந்து நம் பக்கம் இறங்கும்போது காற்று வறண்டிருக்கிறது. எனினும் வடதமிழ்நாட்டுக்கு ஒரு தனிப் பேறு உண்டு. பகலெல்லாம் திருத்தணி, பள்ளிப்பட்டுப் பகுதியின் பாறை நிலம் கொதிக்கிறது. மாலையில் கடற்காற்று கிழக்கிலிருந்து உள்ளே நுழைந்து, அந்த வெப்பக் காற்றை மேலே தூக்குகிறது. அங்கே இடிமேகங்கள் எழுகின்றன. ஆடி, ஆவணி, புரட்டாசி மாதங்களில் அந்தி சாய்ந்த பின் இடியும் மின்னலுமாகப் பெய்யும் மழை இவ்வாறு பிறந்ததே. மேட்டு நிலத்து வேர்க்கடலைக்கு உயிர்கொடுப்பது இந்த மழைதான்.

கோடையில் திருத்தணியின் வெப்பநிலை 42, 43 பாகை செல்சியசைத் தொடுவதைச் செய்தித்தாளில் ஆண்டுதோறும் படிக்கிறோம். அதே நாளில் பழவேற்காட்டில் பல பாகை குறைவாக இருக்கும். பகல் முற்றுமுன்னே கடற்காற்று கரையைத் தேற்றிவிடுகிறது. மலையடிவாரத்தை எட்டவோ மாலையாகிவிடுகிறது. ஒரே மாவட்டத்தில் இரண்டு கோடைகள் என்று சொன்னாலும் தகும்.

ஐப்பசியில் காற்று திசை மாறுகிறது. வடகிழக்கிலிருந்து வங்கக்கடலின் மேல் வரும் காற்று ஈரத்தை முகந்துகொண்டு நேரே நம் கரையில் ஏறுகிறது. அக்டோபர் நடு முதல் டிசம்பர் வரை ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி பெய்துவிடுகிறது. கரையோரத்தில் அதற்கும் மேல். அதுவும் நாள்தோறும் சீராகப் பெய்வதில்லை. கடலில் காற்றழுத்தத் தாழ்வு தோன்றினால் இரண்டு நாளில் ஒரு மாதத்து மழை. தோன்றாவிட்டால் வெறும் மேகமூட்டம். கடல்நீரின் வெப்பம் ஏறத்தாழ 26.5 பாகைக்கு மேல் இருக்கும்போது அத்தாழ்வு வலுப்பெற்றுப் புயலாக மாறும் வாய்ப்பு உண்டு. 2016ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் வர்தா புயல் சென்னையருகே கரையைக் கடந்து மரங்களைச் சாய்த்ததை நாம் கண்டோம். 2023ஆம் ஆண்டு டிசம்பர் தொடக்கத்தில் மிக்சாம் புயல் நம் கரையைத் தொடாமலேயே, கடலோரத்தை ஒட்டி மெல்ல நகர்ந்து, மழையைக் கொட்டிவிட்டு ஆந்திரத்தின் பாபட்லா அருகே கரையேறியது. புயலின் காற்றைவிட அதன் தாமதமே நமக்குத் தீங்கு செய்தது.

இதன் பொருளை எண்ணிப் பாருங்கள். 2015ஆம் ஆண்டு டிசம்பரில் நம் பகுதியும் சென்னையும் வெள்ளத்தில் மூழ்கின. 2019ஆம் ஆண்டு சூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறத்தாழ வற்றிப்போயின. சோலார்பேட்டையிலிருந்து தொடர்வண்டியில் சென்னைக்குத் தண்ணீர் வந்தது. கோயில்களில் மழை வேண்டி மன்றாட்டுகள் ஒப்புக்கொடுக்கப்பட்டன. வெள்ளத்துக்கும் வறட்சிக்கும் இடையே நான்கே ஆண்டுகள். மழையைத் தரும்படி இறைவனை வேண்டுகிற நாம், தந்த மழையை எங்கே வைத்தோம் என்று நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டாமா?

கொசஸ்தலை ஆறு

அந்த மழையைக் கடலுக்குக் கொண்டு செல்லும் ஆறுகளுள் முதன்மையானது கொசஸ்தலை. ஏறத்தாழ 136 கிலோமீட்டர் நீளமுடையது. ஆந்திரத்திலிருந்து இறங்கும் லவா, குசா என்னும் இரு சிற்றாறுகள் பள்ளிப்பட்டு அருகே ஒன்றுகூடுகின்றன. அங்கே உருவாகும் ஆறு மீண்டும் எல்லையைக் கடந்து நகரிப் பக்கம் சென்று, திருத்தணி வட்டத்தினுள் வந்து, பூண்டியை அடைகிறது. காவேரிப்பாக்கம் ஏரியின் உபரிநீரும் வேறொரு கிளையாக வந்து சேர்கிறது. பூண்டிக்குக் கீழே தாமரைப்பாக்கம், வல்லூர் அணைக்கட்டுகளைத் தாண்டி எண்ணூர் முகத்துவாரத்தில் கடலில் கலக்கிறது. முற்காலத்தில் பாலாறே இவ்வழியாக ஓடிச் சென்னைக்கு வடக்கே கடலில் விழுந்தது என்றும், பின்னர் தெற்கே திரும்பிவிட்டது என்றும் நிலவியலார் கூறுவர். மீஞ்சூர்ப் பகுதியில் நிலத்தடியே இருக்கும் பெருமணல் படுகைகள் அப்பழைய ஆறு விட்டுச் சென்ற சொத்து.

ஆண்டின் பெரும்பகுதி இந்த ஆறு வெறும் மணலாகக் கிடக்கிறது. மாட்டு வண்டி போகிறது, சிறுவர் பந்தாடுகின்றனர். இதனால் ஆறே இல்லை என்னும் எண்ணம் நமக்கு வந்துவிடுகிறது. பிறகு ஒரு கார்த்திகை இரவில் ஆந்திரத்துக் கிருஷ்ணாபுரம் அணை நிரம்பி உபரிநீர் திறக்கப்படுகிறது. விடியுமுன் பள்ளிப்பட்டைச் சுற்றியுள்ள தரைப்பாலங்களின் மேல் தண்ணீர் புரள்கிறது. 2021ஆம் ஆண்டு நவம்பரில் நெடியம், சாமந்தவாடா முதலிய ஊர்களுக்குச் செல்லும் வழி இவ்வாறு துண்டிக்கப்பட்டது. பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளும், மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய கருவுற்ற பெண்களும் பல கிலோமீட்டர் சுற்றிச் செல்ல நேர்ந்தது. வடக்கே ஆரணியாற்றின் கதையும் இதுவே. ஆந்திரத்துப் பிச்சாட்டூர் ஏரி நிரம்பினால் ஊத்துக்கோட்டைத் தரைப்பாலம் மூழ்குகிறது.

பூண்டி ஏரியின் வரலாற்றையும் நம் பிள்ளைகள் அறிய வேண்டும். சென்னை மாநகரத் தந்தையாக இருந்த தீரர் சத்தியமூர்த்தி அவர்களின் முயற்சியால் 1940ஆம் ஆண்டில் வேலை தொடங்கி 1944ஆம் ஆண்டில் நிறைவேறியது. அவரோ 1943ஆம் ஆண்டிலேயே மறைந்தார். தாம் விதைத்ததன் பயனைக் கண்ணால் காணாத அப்பெருமகனாரின் பெயரால் அது சத்தியமூர்த்தி சாகர் எனப்படுகிறது. 3,231 மில்லியன் கன அடி நீர் அதில் நிற்கும். கிருட்டிணை ஆற்று நீரைத் தர ஆந்திரத்தோடு 1983ஆம் ஆண்டில் உடன்படிக்கை ஆயிற்று. 1996ஆம் ஆண்டில் அந்நீர் கண்டலேறு கால்வாய் வழியாகத் தமிழக எல்லையைத் தொட்டது. 2020ஆம் ஆண்டு நவம்பரில், கும்மிடிப்பூண்டி வட்டத்தில் கண்ணன்கோட்டை, தேர்வாய்க்கண்டிகை ஏரிகளை இணைத்து 500 மில்லியன் கன அடி கொள்ளும் புதிய நீர்த்தேக்கம் திறக்கப்பட்டது.

இவை அரசு செய்தவை. இவற்றுக்கெல்லாம் முன்னரே நம் முன்னோர் செய்துவைத்தவை ஊர்தோறும் உள்ள ஏரிகள். ஓர் ஏரியின் கலங்கல் வழிந்தால் அந்நீர் அடுத்த ஏரிக்கு வரத்துக்கால் வழியாகச் செல்லும்; அது நிரம்பினால் அதற்கடுத்த ஏரிக்கு. இவ்வாறு மலையடிவாரம் முதல் கடல் வரை ஏரிகள் சங்கிலியாகக் கோக்கப்பட்டிருந்தன. கோடையில் ஊரார் கூடி வண்டல் எடுத்து வயலில் இட்டனர், கரையைப் பலப்படுத்தினர், அதற்குக் குடிமராமத்து என்று பெயர். சில வாரங்களில் பெய்து தீரும் மழையை ஆண்டு முழுவதும் வைத்துக்கொள்ள இதைவிடச் சிறந்த வழியை எந்தப் பொறியியலாரும் இன்னும் நமக்குக் காட்டவில்லை. அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும், மேல் ஊரில் வெள்ளம் நிற்கும். கீழ் ஊரில் கிணறு வற்றும்.

கடலும் ஆறும் சந்திக்கும் இடம்

தண்ணீரின் வழியைப் பின்பற்றி இப்போது கரைக்கு வந்துவிட்டோம். ஆரணியாறு சென்று சேரும் பழவேற்காடு ஏரி, ஒரிசாவின் சிலிகாவை அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உப்புநீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. ஏரிக்கும் கடலுக்கும் இடையே சிறீகரிக்கோட்டை என்னும் நீண்ட மணல் தீவு மதிலைப்போல் கிடக்கிறது. முகத்துவாரத்தின் வழியே கடல்நீர் உள்ளே வருகிறது. ஆறுகளின் வழியே மழைநீர் வருகிறது. மழைக்காலத்தில் ஏரியின் உப்பு குறைகிறது, கோடையில் மிகுகிறது. கடலில் பிறக்கும் இறால் குஞ்சுகள் அலைகளுக்கு ஒதுங்கி இந்த ஏரியில் வளர்ந்து மீண்டும் கடலுக்குச் செல்கின்றன. நீரில் ஒற்றைக்காலில் நிற்கும் பூநாரைகளைக் காண அயலூர் மக்கள் வருகின்றனர்.

1515ஆம் ஆண்டில் போர்த்துக்கீசியர் காலத்தில் தோன்றியதாகக் கூறப்படும் மகிமை மாதா திருத்தலம் இங்கே இருக்கிறது. பின்னர் ஒல்லாந்தர் வந்து கோட்டை கட்டினர். அவர்களுடைய கல்லறைகள் இன்றும் நிற்கின்றன. ஆண்டவர்கள் போயினர், வலை வீசும் மக்கள் நிலைத்தனர். அம்மக்களிடையே ‘பாடு’ என்றொரு முறை உண்டு. நல்ல மீன் கிடைக்கும் இடத்தை எவரும் தமதென்று கொள்வதில்லை. குறித்த நாளில் குறித்தவர் வலையிடுவர். மறுநாள் அடுத்தவருக்கு முறை. பொதுவான நீரைப் பகிர்ந்துகொள்ளும் கலையைப் பள்ளிக்கூடம் செல்லாத மீனவர் நமக்குக் கற்பிக்கின்றனர்.

இம்மக்களின் நெடுநாளைய கவலை முகத்துவாரம் மணலால் தூர்ந்துபோவது. ஆற்றில் வேகமாக நீர் வந்தால் அது மணலைத் தள்ளி வாயைத் திறக்கும். வராத ஆண்டுகளில் கடல் மணலைக் குவித்து வாயை அடைக்கும். படகு கடலுக்குப் போக இயலாது. இறால் குஞ்சு உள்ளே வர இயலாது. தெற்கே எண்ணூர்க் கழிமுகத்திலோ அனல்மின் நிலையத்துச் சாம்பலும், நிரப்பப்பட்ட மண்ணும் நீர் பரவும் இடத்தைக் குறைத்திருக்கின்றன. மிக்சாம் புயலின்போது மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் வெள்ளத்தோடு கலந்து எண்ணூர்க் கழிக்குள் பாய்ந்தது. படகுகளும் வலைகளும் கறுத்தன. மீனவரே படகேறி அந்த எண்ணெயைத் தங்கள் கையால் அள்ள வேண்டியதாயிற்று. மீஞ்சூர்ப் பகுதியில் நிலத்தடி நீரை அளவுக்கு மிஞ்சி இறைத்தமையால் கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே புகுந்து கிணறுகள் உவர்த்துவிட்டன. மேலே ஊறாத மழையின் இடத்தைக் கீழே கடல் எடுத்துக்கொண்டது என்பதே இதன் பொருள்.

லூயிசியானா காட்டும் பாடம்

இனி லூயிசியானாவுக்கு வருவோம். அதுவும் தாழ்ந்த கரைநிலம். அதன் மிக உயர்ந்த மேடே 163 மீட்டர்தான். நம் நகரி மூக்கில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. அங்கும் கடலோரத்தில் உப்பங்கழிகள், மணல் தீவுகள், இறால், நண்டு, மீனவர். நியூ ஆர்லியன்சு நகரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,600 மில்லிமீட்டர் மழை. ஆனால் அது பன்னிரண்டு மாதங்களிலும் பரவிப் பெய்கிறது. நம்மைப்போல் மூன்று மாத மழையை நம்பி ஒன்பது மாதம் காத்திருக்கும் நிலை அவர்களுக்கு இல்லை. புயல்களோ எங்களுக்கு ஐப்பசி, கார்த்திகை என்றால் அவர்களுக்கு ஆவணி, புரட்டாசி.

அம்மாநிலத்தின் நிலத்தை உண்டாக்கியது மிசிசிப்பி என்னும் பேராறு. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வெள்ளத்தோடு வண்டலைப் பரப்பிப் பரப்பிச் சதுப்பு நிலத்தை அது வளர்த்தது. 1927ஆம் ஆண்டில் பெருவெள்ளம் வந்து பல இலட்சம் மக்களை வீடிழக்கச் செய்தது. அதன் பிறகு ஆற்றின் இருமருங்கும் உயர்ந்த கரைகளைக் கட்டி அதைக் கட்டிப்போட்டனர். ஊர்கள் காப்பாற்றப்பட்டன, ஆனால் வண்டல் சதுப்பில் விழாமல் ஆழ்கடலுக்குப் போயிற்று. எண்ணெய் எடுப்பதற்காகச் சதுப்பின் ஊடே வெட்டிய கால்வாய்களின் வழியே உப்புநீர் நுழைந்து புல்லையும் மரத்தையும் கொன்றது. 1930களிலிருந்து ஏறத்தாழ 4,800 சதுர கிலோமீட்டர் நிலத்தை அம்மாநிலம் கடலுக்குக் கொடுத்துவிட்டது. அது நம் திருவள்ளூர் மாவட்டத்தைவிடப் பெரிய பரப்பு.

சதுப்பு இருந்தவரை புயலலையின் வேகத்தை அது தணித்து வந்தது. சதுப்பு தேய்ந்தபின் அலைக்கும் ஊருக்கும் இடையே இருந்த காப்பு குறைந்தது. 2005ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ஆம் நாள் கத்ரீனா புயல் வந்தபோது கரைகள் உடைந்து, நியூ ஆர்லியன்சு நகரின் பெரும்பகுதி நீரில் மூழ்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் முதியவர். வெளியேற வண்டியில்லாத ஏழைகள் பலர் நகரிலேயே அகப்பட்டனர். உலகிலேயே செல்வம் மிக்க நாட்டில் இது நடந்தது. பணமும் பொறியியலும் இருந்தும், தண்ணீருக்குரிய இடத்தை எடுத்துக்கொண்டதற்கு அவர்கள் தந்த விலை அது. எண்ணூர்க் கழியும் பழவேற்காட்டின் அலையாத்திகளும் ஊர் ஏரிகளும் நமக்கு யாவை என்பதை இதிலிருந்து அறிந்துகொள்ளலாம். அவை வீணே கிடக்கும் நிலங்கள் அல்ல.

அயலான் யார்?

நல்ல சமாரியன் உவமையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அயலான் யார் என்னும் வினாவுக்கு, வழியில் அடிபட்டுக் கிடந்தவனைக் காட்டி ஆண்டவர் விடையளித்தார். நம் மாவட்டத்தில் அந்த வழி, மண்சாலை மட்டுமன்று. கொசஸ்தலை ஆறும் ஒரு வழியே. பள்ளிப்பட்டில் ஆற்றோரம் கொட்டும் குப்பை எண்ணூரில் ஒருவருடைய வலையில் ஏறுகிறது. மேலே இரவோடிரவாக அள்ளும் மணல், கீழே ஒருவருடைய கிணற்று நீரைக் குறைக்கிறது. அவர்களை நாம் பார்த்ததில்லை. அவர்கள் பெயரும் நமக்குத் தெரியாது. ஆயினும் தண்ணீர் நம்மை அவர்களுக்கு அயலார் ஆக்கிவிட்டது. மறைந்த திருத்தந்தை பிரான்சிசு 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட சுற்றுமடலில், படைப்பைக் காப்பதும் ஏழைகளைக் காப்பதும் வேறுவேறு கடமைகள் அல்ல என்று வற்புறுத்தியதும் இக்கருத்தையே.

இதற்கு நாம் செய்யக்கூடியவை பெரிய செயல்கள் அல்ல. புரட்டாசியிலேயே, மழைக்கு முன், பங்கு இளைஞரும் ஊராரும் கூடி ஏரிக்கு நீர் வரும் கால்வாயை ஒருமுறை நடந்து பார்க்கலாம். செடி அடைத்திருந்தால் வெட்டலாம். யாரேனும் அடைத்துக் கட்டியிருந்தால் ஊராட்சியிலும் வட்டாட்சியரிடமும் முறையாகத் தெரிவிக்கலாம். கோயிலின் கூரை நீரைத் தெருவில் விடாமல் கிணற்றிலோ குழியிலோ இறக்கலாம். தரைப்பாலத்தின் மேல் நீர் ஓடும்போது, முழங்கால் அளவுதான் என்று எண்ணி எவரும் கடக்கலாகாது. பழுப்பு நீருக்குக் கீழே பாலம் இருக்கிறதா என்பதைக் கரையில் நிற்பவர் அறிய இயலாது. அன்பியக் கூட்டத்தில் ஒவ்வொரு தெருவிலும் தனித்திருக்கும் முதியோர், நோயாளர், கருவுற்ற தாய்மார் யாரெனக் குறித்துவைத்து, புயல் எச்சரிக்கை வந்ததும் அவர்களை மேட்டிடத்துக்கு முதலில் அழைத்துச் செல்லலாம். கத்ரீனாவில் மாண்டவருள் பெரும்பாலோர் முதியவர் என்பதை மறவாதீர்.

இறைவன் மனிதனைத் தோட்டத்தில் வைத்தது அதைப் பண்படுத்தவும் காக்கவும் என்று தொடக்கநூல் சொல்கிறது. பண்படுத்துதலில் நாம் குறை வைக்கவில்லை. காத்தல் என்னும் பாதி நிலுவையில் நிற்கிறது. இவ்வாண்டு மழை தொடங்குமுன் அந்த நிலுவையில் ஒரு சிறு பகுதியையேனும் தீர்க்க நம் குடும்பங்களுக்கு ஆண்டவர் மனமும் வலிமையும் தருவாராக.

குடும்பத்தில் பேசுவதற்கு

1. நம் வீட்டுக் கூரையில் விழும் மழைநீர் எந்த ஏரிக்குச் செல்கிறது? அங்கிருந்து எங்கே போகிறது? பெரியோரைக் கேட்டுப் பிள்ளைகள் ஒரு படம் வரையட்டும்.

2. நம் ஊர் ஏரியின் கலங்கலைப் பிள்ளைகள் பார்த்திருக்கிறார்களா? தாத்தா பாட்டி காலத்தில் அது கடைசியாக எப்போது வழிந்தது?

3. நம் ஊரில் நமக்குக் கீழே, தண்ணீர் போகும் வழியில் வாழ்வோர் யார்? இன்றிரவு குடும்பச் செபத்தில் அவர்களையும் நினைவுகூர்வோம்.